எண் மருந்துக்கல்ல, பெட்டிக்கு

வெடிபொருள் சரக்குகளின் காகிதங்களைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "அதுல எதுங்க ரொம்ப பவர்?" என் மேசைக்கு வரும் எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஐ.நா. கொடுத்த நான்கு இலக்க எண், சரக்கின் முறையான பெயர், 1.1டி மாதிரி ஒரு குறியீடு, நிகர வெடிமருந்து எடை, பெட்டிகளின் எண்ணிக்கை. அவ்வளவுதான். எது பாறையை நன்றாகப் பிளக்கும், எது டி.என்.டி.யைவிட வலுவானது என்பதெல்லாம் குவாரிக்காரரும் அவருக்கு வெடிமருந்து விற்பவரும் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி.

வகைப்பாட்டின் கவலை வேறு. இந்தப் பெட்டி லாரியிலோ கிடங்கிலோ கப்பலிலோ இருக்கும்போது ஏதாவது ஏடாகூடமாகிப் போனால் பக்கத்துப் பெட்டிக்கு என்ன ஆகும், பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு என்ன ஆகும், தீயணைக்க வருபவர் எவ்வளவு நெருங்கலாம். இதைத்தான் அது திரும்பத் திரும்பக் கேட்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம். பதியாதவரைக்கும் அட்டவணை முழுக்கக் குளறுபடியாகத்தான் தெரியும்.

வேதியியல் வகுப்பில் சொல்லித்தரும் பிரிவு ஒன்று உண்டு. மருந்துக்குள் ஒலியைவிட வேகமாக அதிர்ச்சி அலை ஓடினால் உயர்வெடி, மேற்பரப்பிலிருந்து விறுவிறுவென்று எரிந்து போனால் தாழ்வெடி. உயர்வெடியில் சின்னத் தீப்பொறிக்கோ உரசலுக்கோ வெடித்துவிடுவது முதன்மை வகை. டெட்டனேட்டர் என்ற சின்ன வெடிப்பானை வைத்துத் தட்டி எழுப்பினால்தான் வெடிக்கும் என்றால் இரண்டாம் வகை. டெட்டனேட்டருக்கும் மசியாமல் நடுவில் பூஸ்டர் என்ற துணை வெடி கேட்கிறது என்றால் மூன்றாம் வகை. இதெல்லாம் சரிதான். ஆனால் இது பொருளின் குணம் பற்றிய பேச்சு. காகிதத்தில் ஏறும் எண் பொருளின் குணத்தை மட்டும் வைத்து வருவதில்லை.

ஐ.நா.வின் அபாயகரப் பொருள் போக்குவரத்துப் பரிந்துரைகள் 1956-இல் முதலில் வெளிவந்தன. அட்டையின் நிறத்தை வைத்து ஆரஞ்சுப் புத்தகம் என்றே எல்லோரும் சொல்வார்கள். அதில் வெடிபொருள்கள் 1-ஆம் வகுப்பு. அதற்குள் ஆறு பிரிவுகள். 1.1 என்றால் சரக்கு கிட்டத்தட்ட முழுவதும் ஒரே கணத்தில் வெடித்துவிடக்கூடியது. 1.2-இல் மொத்த வெடிப்பு இல்லை, ஆனால் துண்டுகள் பறக்கும். 1.3 என்றால் முக்கியமாகத் தீ, அதோடு சிறிய அதிர்வோ சிதறலோ. 1.4-இல் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. நடப்பது பெரும்பாலும் பெட்டியோடு முடிந்துவிடும். 1.5 கொஞ்சம் விசித்திரமான பிரிவு: வெடித்தால் மொத்தமாக வெடிக்கும், ஆனால் சாதாரணப் போக்குவரத்தில் அதை வெடிக்க வைப்பது மிகக் கஷ்டம். 1.6 அதைவிட மந்தமான சாதனங்களுக்கு. குவாரி வேலையில் இதைப் பார்க்கவே முடியாது.

புதிதாக வருபவர்கள் 1.1-லிருந்து 1.6 வரை ஆபத்து படிப்படியாகக் குறைகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. ஐரோப்பிய சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமான ஏ.டி.ஆர். ஒரே வண்டியில் பல பிரிவுகள் ஏறினால் எதை மோசமானதாகக் கொள்ள வேண்டும் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது: 1.1, 1.5, 1.2, 1.3, 1.6, 1.4. இரண்டாவது இடத்தில் நிற்கிறது 1.5. எழுப்புவது கஷ்டம் என்பதற்கும், எழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சம்பந்தமில்லை. இன்னொரு வேடிக்கை: 1.5டி சரக்கோடு 1.2 சரக்கைச் சேர்த்து ஏற்றினால் முழுச் சுமையையும் 1.1 என்றே நடத்த வேண்டும். பறக்கும் துண்டுகள் அந்த மந்தமான மருந்தைத் தட்டி எழுப்பிவிடலாம் என்ற பயம்தான்.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்து எதோடு எதைச் சேர்த்து வைக்கலாம் என்பதைச் சொல்வது. மொத்தம் 13 எழுத்துகள். எல்லா எண்ணோடும் எல்லா எழுத்தும் சேராது; கணக்குப் பார்த்தால் 35 குறியீடுகள்தான் வரும். குவாரி, சுரங்கம் சார்ந்த ஆளுக்கு இதில் அன்றாடம் தேவைப்படுவது மூன்று: பி, டி, எஸ். பி என்றால் டெட்டனேட்டர் மாதிரி, முதன்மை வெடிமருந்து உள்ளே இருக்கும் சாதனம். டி என்றால் பாறைத் துளையில் வைக்கும் தோட்டா, பூஸ்டர், டெட்டனேட்டிங் கார்டு மாதிரி, தானாகக் கிளம்பும் வழி இல்லாத இரண்டாம் வகை மருந்து. எஸ் பற்றிப் பிறகு. பி-யையும் டி-யையும் ஒன்றாக வைக்காதே என்பதுதான் இந்தத் தொழிலின் பாலபாடம். எழுப்புகிறவனையும் தூங்குகிறவனையும் ஒரே அறையில் போடக்கூடாது. ஒரே வண்டியில் கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால், உள்ளே வெடித்தாலும் வெளியே கடத்தாது என்று நிரூபிக்கப்பட்ட தனிப் பெட்டியிலோ அறையிலோ டெட்டனேட்டர்கள் போக வேண்டும்.

டி-யில் ஒரு விருந்தாளியும் உண்டு: கருமருந்து. அது அதிர்ச்சி அலையாக வெடிப்பதில்லை, எரிவதுதான் அதன் சுபாவம். வேதியியல் கணக்கில் தாழ்வெடி. ஆனாலும் அதை டி-யில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள், எண் 1.1. மூட்டையாகக் குவித்த கருமருந்தில் தீப்பிடித்தால் எல்லாம் ஒரே வீச்சில் போய்விடும்; பக்கத்தில் நிற்பவருக்கு அது எரிந்ததா வெடித்ததா என்ற ஆராய்ச்சியில் என்ன பயன்?

அதே கருமருந்தைச் சணல், பருத்தி நூல்களுக்கு நடுவில் மெல்லிய இழையாக வைத்து மேலே நீர்புகா பூச்சு கொடுத்தால் அதுதான் சேஃப்டி ஃபியூஸ். 1831-இல் இங்கிலாந்தில் வில்லியம் பிக்ஃபோர்டு காப்புரிமை பெற்றது. ஒரு மீட்டர் எரிய இரண்டு நிமிடத்துக்குப் பக்கத்தில் ஆகும். இதன் குறியீடு 1.4எஸ். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான், ஆனால் மூட்டையில் 1.1டி, திரியில் 1.4எஸ். பக்கத்திலேயே டெட்டனேட்டிங் கார்டை வையுங்கள். பார்வைக்கு அதுவும் ஒரு கயிறுதான். ஆனால் அதன் நடுவே ஓடுவது பென்டேரித்ரிட்டால் டெட்ராநைட்ரேட் என்ற உயர்வெடி, வெடிப்பு ஓடும் வேகம் வினாடிக்கு சுமார் 7,000 மீட்டர். வழக்கமான குவாரிக் கார்டு 1.1டி. மீட்டருக்கு மருந்தின் அளவைக் குறைத்து, வீரியம் குறைந்த ரகமாகச் செய்தால் 1.4டி-க்கும் இறங்கும். திரி, கயிறு என்று வாய்ப்பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்பவர்கள் படிவம் எழுதும்போதும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். என் நரை முடிகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

டெட்டனேட்டருக்கு வருவோம். நான் சொல்ல வந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை.

ஒரு மூடிய அலுமினியக் குழாய். விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் வெடிமருந்து வழக்கமாக ஒரு கிராமை எட்டாது. ஒரு முனையிலிருந்து மின்கம்பியோ ஷாக் டியூப் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழலோ நீண்டிருக்கும். ஷாக் டியூபின் உட்சுவரில் தூசி மாதிரி மருந்து பூசியிருப்பார்கள். சமிக்ஞை வினாடிக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் வேகத்தில் உள்ளே ஓடும், வெளிக்குழல் கிழியாது. கையில் பிடித்திருப்பவருக்கு டெட்டனேட்டர் எப்போதும் ஆபத்துதான்; விரல்களைக் கொண்டுபோய்விடும், கண்ணைக் கொண்டுபோய்விடும். அதில் மாற்றமே இல்லை. ஆனால் சரக்குக் காகிதத்தில் அதற்கு மூன்று முகங்கள். மின் டெட்டனேட்டர் என்றால் ஐ.நா. எண் 0030 ஆனால் 1.1பி, 0255 ஆனால் 1.4பி, 0456 ஆனால் 1.4எஸ். ஷாக் டியூப் பொருத்திய தொகுப்புக்கு 0360, 0361, 0500. மின்னணு டெட்டனேட்டர்களை நீண்ட காலம் மின் டெட்டனேட்டர் கணக்கிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2019-இல்தான் அவற்றுக்கென்று 0511, 0512, 0513 என்று தனி எண்கள் வந்தன. அங்கேயும் அதே மூன்று முகங்கள்.

ஒரே ஆலையில், ஒரே எந்திரத்தில் செய்த டெட்டனேட்டர் ஏன் ஒரு பெட்டியில் 1.1பி, இன்னொரு பெட்டியில் 1.4பி? உலோகக் குழாய்கள் நெருக்கமாக அடுக்கியிருந்தால் ஒன்று வெடித்ததும் பக்கத்தில் இருப்பதும், அதற்குப் பக்கத்தில் இருப்பதும் என்று பெட்டியே போய்விடும். அது மொத்த வெடிப்பு, 1.1. அதே டெட்டனேட்டரில் நீளமான கம்பியோ குழலோ இருந்து, அதைச் சுருளாகச் சுற்றி ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து வைத்தால் அந்தச் சுருளே ஒரு மெத்தை. ஒன்று வெடித்தாலும் அடுத்ததற்குப் போகாது. 1.4பி. அதனால் ஒரே ரகத்தில் குழல் நீளம் குறைந்தது 1.1-ஆகவும் நீண்டது 1.4-ஆகவும் வருவது சகஜம். புதிதாக வேலைக்குச் சேர்பவர் இரண்டு பெட்டியையும் பார்த்துவிட்டு "அச்சுப் பிழை சார்" என்று கொண்டுவந்து நீட்டுவார். பிழை இல்லை.

இதை யாரும் உட்கார்ந்து யூகித்து எழுதுவதில்லை, செய்து பார்க்கிறார்கள். ஐ.நா.வின் சோதனைக் கையேட்டில் எட்டுத் தொடர்கள் உண்டு. இது வெடிபொருள்தானா, ஏற்றிச் செல்லவே முடியாத அளவுக்குத் தொட்டாற்சிணுங்கியா என்று முதல் தொடர்கள் பார்க்கும். 75 டிகிரி வெப்பத்தில் 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பது, பெட்டியை 12 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுவது எல்லாம் அங்கே வரும். பிரிவு எண்ணை முடிவு செய்வது ஆறாம் தொடர். எனக்குப் பிடித்ததும் அதுதான், ஏனென்றால் அதில் சூத்திரமே இல்லை, சம்பவம்தான்.

முதலில் ஒரே ஒரு பெட்டி. அடியில் சாட்சித் தகடாக ஓர் இரும்புத் தகடு. சுற்றிலும் மணல் நிரப்பி இறுக்கி, நடுவில் இருக்கும் ஒரு டெட்டனேட்டரை வெடிக்க வைப்பார்கள். தகடு கிழிந்ததா, தரையில் பள்ளம் விழுந்ததா என்று பார்ப்பார்கள். அடுத்து பெட்டிகளை அடுக்கி, ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் பரவுகிறதா என்ற சோதனை. மூன்றாவது, நெருப்பு. பெட்டிகளைக் கம்பி வலை மேல் அடுக்கி, கீழே விறகோ மண்ணெண்ணெயோ போட்டுப் பற்ற வைப்பார்கள். குறைந்தது 30 நிமிடம் எரிய வேண்டும். நான்கு மீட்டர் தள்ளி மூன்று பக்கம் இரண்டுக்கு இரண்டு மீட்டர் அலுமினியத் திரைகள், தடிமன் 2 மில்லிமீட்டர். எல்லாம் அடங்கிய பிறகு அந்தத் திரைகள்தான் சாட்சி சொல்லும். ஏதாவது திரையில் ஓட்டை விழுந்திருந்தால் 1.2. தீப்பந்து திரையைத் தாண்டிப் போயிருந்தால் 1.3. ஓட்டை இல்லை, ஆனால் 4 மில்லிமீட்டருக்கு மேல் குழிந்திருக்கிறது என்றால் 1.4 கிடைக்கும், எஸ் கிடைக்காது.

எஸ் வாங்குவது லேசில்லை. அதன் வரையறையே தீயணைப்பாளரை மனதில் வைத்து எழுதியது: விளைவு எதுவானாலும் பெட்டிக்குள் அடங்க வேண்டும், பெட்டியே நெருப்பில் சிதைந்துபோனாலும் பக்கத்தில் நின்று தீயணைப்பவரின் வேலைக்கு அது பெரிய இடைஞ்சலாக இருக்கக்கூடாது. டெட்டனேட்டர் போன்ற சில பொருள்களுக்குப் பின்னாளில் இன்னொரு சோதனையும் சேர்த்தார்கள். பெட்டியை மணல் எதுவும் இல்லாமல் திறந்தவெளியில் வைத்து, உள்ளே ஒன்றை வெடிக்க விடுவார்கள். அடியில் இருக்கும் தகட்டில் ஒரு பள்ளம்கூட விழக்கூடாது. 25 சென்டிமீட்டர் தள்ளி வைத்த 80 கிராம் தாள், அதாவது அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுக்கும் அதே தாள், பற்றிக்கொள்ளும்படியான தீ வெளியே வரக்கூடாது. இதில் தேறினால்தான் 1.4எஸ். பயணிகள் விமானத்தில் 1-ஆம் வகுப்பிலிருந்து அநேகமாக இது மட்டும்தான் ஏற முடியும். அதனால்தான் சிலர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 1.4எஸ் என்று எழுதி அனுப்புகிறார்கள். சோதனை அறிக்கை எங்கே என்று கேட்டால் அப்புறம் இரண்டு நாள் போனை எடுக்க மாட்டார்கள்.

எண் பெட்டிக்குத்தான் என்றேன். இன்னும் ஒரு படி போனால், பொருள் இருக்கும் நிலைமையைப் பொறுத்து அது வெடிபொருள் வகுப்பையே விட்டு வெளியேறிவிடும். பிக்ரிக் அமிலத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ தண்ணீர் இருந்தால் அது 4.1, எரியக்கூடிய திடப்பொருள். தண்ணீர் அதற்குக் கீழே போனால் 1.1டி. பழைய ஆய்வகங்களில் மூலையில் மறந்துபோன பிக்ரிக் அமிலப் புட்டியைக் கண்டதும் வெடிகுண்டு நிபுணர்களைக் கூப்பிடுவது இதனால்தான். யாரும் தொடாமலே அது வருஷக்கணக்கில் காய்ந்து வகுப்பு மாறியிருக்கும். நைட்ரோகிளிசரினும் அப்படித்தான். டைனமைட்டின் உயிரே அது. ஆல்கஹாலில் ஒரு சதவீதத்துக்கு மிகாமல் கரைத்து வைத்தால் வெறும் எரியக்கூடிய திரவம், 3-ஆம் வகுப்பு.

இன்றைய பெரிய குவாரிகளில் துளைக்குள் இறங்கும் எமல்ஷன் என்ற குழம்பு வெடிமருந்தும் வழியில் வகுப்பு மாறுவதுதான். டாங்கர் லாரியில் வரும் அடிப்படைக் குழம்பு 5.1, ஆக்சிஜனேற்றி, ஐ.நா. எண் 3375. அது வெடிபொருள் இல்லை என்று காட்டுவதற்கே எட்டாம் தொடர் சோதனைகள் தனியாக இருக்கின்றன. பாறைத் துளைக்குள் இறக்கும்போது நுண்குமிழிகள் சேர்ந்த பிறகுதான் அது வெடிமருந்தாகிறது. அதாவது, அந்த டாங்கரில் சாலையில் ஓடுவது வெடிமருந்தே இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் தோட்டாக்களைப் பெட்டி பெட்டியாக இறக்கியவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப யோசிப்பார்கள். என் பார்வையில் இந்தத் துறை கண்ட பெரிய பாதுகாப்பு முன்னேற்றம் இதுதான்.

அதற்காக 5.1 என்பது சாதுவான எண் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது, சுமார் 2,750 டன்னாக இறக்கி வைத்திருந்த அம்மோனியம் நைட்ரேட். 1947-இல் டெக்சஸ் சிட்டியில் கிராண்ட்கேம்ப் கப்பலில் வெடித்ததும் அதுவே. ஒழுங்காகப் பொதிந்து, கலப்படமில்லாமல், நெருப்பிலிருந்து தள்ளி வைத்திருக்கும் சரக்குக்குக் கொடுத்த எண் 5.1. வருஷக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் குவியலுக்கு அந்த எண்ணைக் காட்டித் தப்பிக்க முடியாது.

எண்ணைத் தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நெதர்லாந்தின் என்ஸ்கெடே. 2000 மே 13 அன்று குடியிருப்புக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிய வந்தது: உள்ளே இருந்த சரக்கில் பெரும்பகுதி, லேபிளிலும் உரிமத்திலும் இருந்த வகுப்பைவிட ஆபத்தானது. தீயணைக்கப் போனவர்கள் காகிதத்தில் இருந்த கிடங்கை நம்பிப் போனார்கள். இறந்தவர்களில் நான்கு பேர் அவர்கள்தான். அதன் பிறகு பட்டாசுகளுக்கென்று ஐ.நா. ஓர் அட்டவணை கொண்டுவந்தது. சோதனை செய்யாமல் வகைப்படுத்த வேண்டுமானால் அந்த அட்டவணை சொல்வதுதான் எண். உற்பத்தியாளரின் விருப்பம் அல்ல.

இந்த ஐ.நா. முறைக்கு முன்னால் என்ன இருந்தது? பிரிட்டனின் 1875 வெடிபொருள் சட்டத்தின் வழியில் வந்தது ஏழு வகுப்பு: கருமருந்து, நைட்ரேட் கலவை, நைட்ரோ சேர்மம், குளோரேட் கலவை, ஃபுல்மினேட், வெடித்தளவாடம், பட்டாசு. முதல் ஐந்தும் மருந்தின் வேதியியலைப் பார்க்கின்றன, கடைசி இரண்டும் செய்த பொருளைப் பார்க்கின்றன. இந்தியாவின் 2008 விதிகளிலும் இந்த வரிசைதான், திரவ ஆக்சிஜன் வெடிபொருள் எட்டாவதாகச் சேர்ந்திருக்கிறது. அங்கே சேஃப்டி ஃபியூஸ், டெட்டனேட்டிங் ஃபியூஸ், டெட்டனேட்டர் மூன்றும் ஆறாம் வகுப்பு. உட்பிரிவு முறையே ஒன்று, இரண்டு, மூன்று. இங்கே இந்த உட்பிரிவு எண் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது, ஐ.நா. முறையிலோ முதல் எண்ணான 1.1-தான் மோசம். இரண்டு முறையையும் ஒரே நாளில் எழுத வேண்டியவர்கள் பாவம்.

ஐ.நா. முறைக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. எண் பெட்டிக்குத்தான் என்றால், பெட்டியைத் திறந்த பிறகு? கிடங்கில் 1.4எஸ் என்று வந்து இறங்கியதை ஒருவர் பிரித்து, பத்து டெட்டனேட்டரை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வேறொரு டப்பாவில் கொட்டி வைத்தால், அந்த டப்பா எந்தச் சோதனையிலும் உட்காராத டப்பா. 1.4 என்ற எண்ணை அது கோர முடியாது, 1.1பி என்றுதான் நடத்த வேண்டும். வேலையிடத்தில் ரசாயனங்களுக்கு லேபிள் ஒட்டும் உலகளாவிய ஒத்திசைவு முறையான ஜி.எச்.எஸ். நீண்ட காலம் போக்குவரத்து எண்களையே கடன் வாங்கிப் பயன்படுத்தி வந்தது. 2021-இல் வந்த ஒன்பதாம் திருத்தத்தில் அதை விட்டுவிட்டு வகை 1, 2ஏ, 2பி, 2சி என்று புதிதாகப் பிரித்தார்கள். போக்குவரத்துப் பிரிவு எண் பெட்டியோடு சேர்ந்தே பொருந்தும், பெட்டியிலிருந்து எடுத்ததும் கைக்கு எவ்வளவு ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இரண்டு முறையும் இப்போதைக்குப் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே அட்டைப்பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஆரஞ்சு வைரக் கட்டத்துக்குள் 1.4 என்று இருக்கும், 1.1, 1.2, 1.3-க்குப் போடும் வெடிக்கும் குண்டுப் படம்கூட அதில் இருக்காது. வெறும் எண்ணும் எழுத்தும். உள்ளே சுருட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு டெட்டனேட்டரின் சிட்டையிலும் மட்டும் பெரிய எழுத்தில் "வெடிபொருள், ஆபத்து" என்று அச்சடித்திருப்பார்கள். கிடங்கில் வேலை செய்யும் பையன்களிடம் நான் முதலில் படிக்கச் சொல்வது அந்தச் சிட்டையைத்தான்.